வரி முடிவில் ஒரு சுரம்

தொண்டையில் கட்டி என்று தெரிந்த அன்று வீட்டில் முதலில் அழுதவன் அண்ணன். முதலில் சிரித்தவனும் அவனே.

"கடுகு அளவுதானாம். இத்தனை வருஷம் பாடினதுக்கு மொத்தச் சம்பாத்தியம் ஒரு கடுகு," என்றான்.

"வாயை மூடுங்க. பேச்சைக் குறைக்கணும்னு டாக்டர் சொன்னாரு இல்ல?" என்றாள் அண்ணி.

"குறைச்சுட்டேனே."

"நீங்க குறைச்சுப் பேசறதே மத்தவங்களுக்கு ஒரு வாரத்துப் பேச்சு."

அடுத்த வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. உயிருக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் அடித்துச் சொல்லிவிட்டார். ஆனால் குரலைப் பற்றிக் கேட்டதும் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். பேச்சு வரும். பாட்டு வருமா, வந்தாலும் பழைய பாட்டாக வருமா என்பதைப் புண் ஆறிய பிறகுதான் சொல்ல முடியும். அண்ணனோ பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். அது போக, பல நூறு வருஷங்களுக்கு முன்னால் துறவி மடங்களில் பாடிய லத்தீன் பாட்டுகளைத் தேடிப் பிடித்துப் பாடுகிற சின்னக் குழு ஒன்றுக்கும் அவன்தான் தலைவன். குரல் போய்விட்டால் அவனிடம் மிச்சம் இருக்கப்போவது வாய்ப்பேச்சு மட்டும்தான். அதற்கும் அண்ணி தடை போட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவன் தங்கையைப் பால்கனிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

"எறும்பு, எனக்கு ஒண்ணு பண்ணித் தருவியா?"

எறும்பு என்பது அவன் வைத்த பெயர். அவளுடைய வேலை அப்படி. நூலகத்தின் பழைய நூல் பிரிவில் உட்கார்ந்து, பாட்டு எழுதிய தோல் ஏடுகளின் படங்களைக் கணினித் திரையில் பெரிதாக்கி, அதில் உள்ள சுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்கிறவள். ஏட்டில் நான்கு சிவப்புக் கோடுகள் இருக்கும். கோட்டின் மேலும் இடுக்கிலும் கறுப்புச் சதுரங்களாகச் சுரங்கள் உட்கார்ந்திருக்கும். சதுரம் இருக்கும் உயரத்துக்கு ஏற்ப ஓர் எழுத்தைத் தட்டினால், திரையின் கீழ்ப்பாதியில் அதே கோடுகளின் மேல் அதே சதுரம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் அவளைப் பார்க்க வந்த அண்ணன் பின்னால் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "எறும்பு சர்க்கரை தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு," என்றான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். காப்பாளர் மேடம்கூட இப்போது அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"என்னண்ணா வேணும்?"

"அந்தக் கிழிஞ்ச ஏட்டுப் பாட்டு. அதோட முடிவு."

எறும்புக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த ஏடு அவளுடைய நூலகத்தில்தான் இருக்கிறது. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பாட்டுப் புத்தகத்திலிருந்து அதை அறுத்தெடுத்துத் தடிமனான சட்டப் புத்தகம் ஒன்றுக்கு உறையாகப் போட்டிருந்தார்கள். உறையைக் கழற்றியபோது உள்பக்கத்தில் ஒரு பாட்டு இருந்தது. பாதிப் பாட்டு. நிதானமாக ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி அதைவிட மேலே ஏறி, கடைசி வரியில் ஒரு சொல்லின் நடுவிலேயே பக்கம் முடிந்துவிடுகிறது. அடுத்த ஏடு எந்தச் செருப்புக்கு உள்தோலாகப் போனதோ தெரியாது.

அண்ணன் அதை ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் பாடுவான். பக்கம் முடியும் இடத்தில் நின்றுவிடுவான். மூச்சு வாங்குகிறான் என்று கேட்பவர்கள் காத்திருப்பார்கள். பிறகு யாராவது இருமுவார்கள்.

"மாடிப்படி பாதியிலயே நின்னுடுது. நானும் அங்கேயே நின்னு மேல எட்டிப் பார்த்துட்டு, பேசாம இறங்கி வந்துடறேன். ஒரே ஒரு தடவை மேல போய்ப் பார்த்துட்டேன்னா, அப்புறம் டாக்டர் எங்க வேணா வெட்டிக்கட்டும்."

"நீயே ஒரு முடிவு போட்டுப் பாடிடேன். எவன் வந்து கேக்கப் போறான்?"

"போட்டுப் பார்க்காம இருப்பேனா? எப்படிப் போட்டாலும் அது நான் போட்டதா இருக்கு. நான் போட்டது எனக்கு எதுக்கு?"

எறும்பு சரி என்று சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான், இனி எங்கே போய்த் தேடுவது என்று யோசித்தாள்.

ஏனென்றால், அவள் இதுவரை தேடாமல் இருந்தவளில்லை. அவளைப் போலவே பல நாடுகளில் பல நூலகங்களில் ஆட்கள் உட்கார்ந்து பழைய மெட்டுகளைத் தட்டச்சு செய்கிறார்கள். எல்லாம் ஒரே பொது இணையதளத்தில் வந்து சேர்கின்றன. கூலிக்குச் செய்கிறவர்கள் கொஞ்சம், ஆசைக்குச் செய்கிறவர்கள் நிறைய. அங்கே ஒரு தேடல் பெட்டி உண்டு. பாட்டின் சொற்களைப் போட்டுத் தேடலாம். ஆனால் இந்தப் பாட்டின் சொற்கள் யாரும் கேள்விப்படாத ஒரு சின்னப் புனிதரைப் புகழ்கின்றன. அவரைப் பற்றி உலகத்தில் வேறு ஒரு வரியும் இல்லை. மெட்டைப் போட்டும் தேடலாம். நம்பிக்கை இருந்தது அதில்தான். மடத்துக்காரர்கள் சிக்கனமானவர்கள். மூத்தவன் சட்டையை இளையவனுக்குப் போடுவது போல, நல்ல மெட்டு ஒன்று கிடைத்துவிட்டால் அதையே ஒவ்வொரு புனிதருக்கும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஆகவே இந்த மெட்டு வேறு சொற்களை மாட்டிக்கொண்டு வேறு எந்த ஊரிலாவது முழுசாக இருக்கலாம்.

இருக்கலாம்தான். திங்கட்கிழமை முழுக்க எறும்பு தேடினாள். கிழிந்த ஏட்டின் மெட்டை முழுதாகப் போட்டால் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தது. சின்னத் துண்டாகப் போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டியது. ஏறி இறங்குகிற பாட்டுகள்தானே எல்லாம். நடுத்தரமாகப் போட்டபோது வந்த சிலவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்துவிட்டு, தெருமுனையில் கையாட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டன.

அவள் வீட்டுக்கு வந்ததும் அண்ணன் புருவத்தை மட்டும் உயர்த்தினான். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"விடு," என்றான் கிசுகிசுப்பாக. "வியாழக்கிழமை வரைக்கும் இருக்கு இல்ல?"

"கிசுகிசுன்னு பேசறது சத்தமா பேசறதைவிடத் தொண்டைக்குக் கெடுதலாம்," என்று சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "படிச்சேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் தேடலைத் தொட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. புதிதாகச் சேரும் தொண்டர்கள் அனுப்புகிற பக்கங்களைச் சரிபார்ப்பதும் அவள் வேலை. யாரோ ஒரு பல் மருத்துவர், ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்து அனுப்பிய முதல் பக்கம் வந்திருந்தது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கேட்கும் பொத்தானை அழுத்தினாள். கணினி புல்லாங்குழல் மாதிரியான ஒரு குரலில் மெட்டை வாசித்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு சுரத்தில் திக்கியது. மறுபடி ஒழுங்காகப் போனது. மறுபடி திக்கியது.

எறும்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது அவளும் செய்த தப்பு. இந்த வேலைக்கு வருகிற எல்லாரும் முதல் வாரத்தில் செய்கிற தப்பு. பழைய பாட்டு ஏடுகளில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும், ஓரத்தை ஒட்டினாற்போல, மெல்லிய வாலோடு ஒரு சின்னக் குறி இருக்கும். அது பாடுவதற்கல்ல. 'அடுத்த வரி இந்த உயரத்தில் ஆரம்பிக்கிறது, தயாராக இரு' என்று பாடுகிறவனுக்கு முன்கூட்டியே சொல்வதற்கு. பேருந்து நிற்பதற்கு முன்பே நடத்துனர் அடுத்த நிறுத்தத்தைக் கூவுகிற மாதிரி. இங்கே அதை வழிகாட்டி என்பார்கள். புதிதாக வருகிறவர்களின் கண்ணுக்கு அதுவும் ஒரு சுரம் போலத்தான் தெரியும், தட்டிவிடுவார்கள். எறும்பு தன் முதல் வாரத்தில் அப்படி ஒரு புத்தகமே தட்டி முடித்திருந்தாள். அந்தத் திக்கலோடு அண்ணன் அதைச் சாப்பாட்டு மேசையில் பாடிக் காட்டியதில், அண்ணிக்குப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

பல் மருத்துவருக்கு அனுப்ப வேண்டிய குறிப்பை எழுத ஆரம்பித்தாள். 'வரி முடிவில் உள்ள குறி சுரம் அல்ல. அது அடுத்த வரியின் முதல் சுரத்தையே காட்டுகிறது. ஆகவே நீங்கள் அதைச் சேர்க்கும்போது அதே சுரம் இரண்டு முறை...'

அவள் கை நின்றது.

அதே சுரம் இரண்டு முறை. எப்போதுமே, தப்பாமல், அதே சுரம்.

இந்தத் தளத்தில் யாரும் சரிபார்க்காத பக்கங்கள் மலை போல் கிடக்கின்றன. அதில் எத்தனை இப்படித் திக்கிக்கொண்டிருக்கும்? அவள் தேடுகிற மெட்டும் அங்கே ஒரு திக்குவாயோடு படுத்திருந்தால்? பெட்டியில் சரியான மெட்டையே போட்டுத் தேடினால் அது அகப்படவே போவதில்லை. சரியாகப் பாடுகிறவனின் குரலுக்குத் திக்குகிறவன் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

குறிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மென்பொருள் அறைக்கு ஓடினாள்.

அங்கே இருக்கிறவருக்கு 'நாளைக்கு சார்' என்று பெயர். தேடல் பெட்டியைக் கட்டியவர் அவர்தான். எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பார்க்கலாம்மா" என்பார். கேட்டவர் கதவைத் தாண்டுவதற்குள் செய்ய ஆரம்பித்துவிடுவார். அது எறும்புக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அன்று அவளுக்குப் பொறுமை இல்லை.

"சார், ஒரே சுரம் அடுத்தடுத்து வந்தா அதை ஒண்ணா எடுத்துக்கிட்டுத் தேட முடியுமா?"

"எதுக்கும்மா? பாட்டுல நிஜமாவே ரெண்டு தடவை வந்தா?"

"அதையும் ஒண்ணாக்கிடுங்க. நான் போடற மெட்டுலயும் ஒண்ணாக்கிடுங்க, அங்க இருக்கிற மெட்டுலயும் ஒண்ணாக்கிடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மொட்டை அடிச்சா ஜோடி சேர்ந்துடும் இல்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம தேடறதே ஏத்தம் இறக்கத்தை வெச்சுதான். ரெண்டு சுரமும் ஒண்ணுன்னா நடுவுல ஏத்தமும் இல்ல, இறக்கமும் இல்ல, பூஜ்யம். பூஜ்யத்தை எல்லாம் தூக்கிக் கடாசணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சார்."

"நாளைக்குப் பார்க்கலாம்மா."

"நாளன்னைக்கு எங்க அண்ணனுக்குத் தொண்டையில ஆபரேஷன் சார்."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரு. அந்த டம்ளரை மட்டும் நகர்த்தி வை, காப்பி கொட்டினா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

அவர் தட்டினார், அழித்தார், முனகினார். தன் பழைய நிரலைப் பார்த்து, "எந்த முட்டாள் இதை எழுதினான்?" என்று கேட்டுக்கொண்டார். வேறு யாரும் எழுதியிருக்க வாய்ப்பில்லை என்பது நினைவுக்கு வந்ததும் பேச்சை மாற்றினார். பிறகு விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

"போடு உன் மெட்டை."

எறும்பு கிழிந்த ஏட்டின் மெட்டை ஆரம்பத்திலிருந்து தட்டினாள். பார்க்காமலே தட்ட வரும் அவளுக்கு. தேடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணு வந்திருக்கு," என்றார் நாளைக்கு சார்.

வேறு ஒரு நாடு, வேறு ஒரு நூலகம், வேறு ஒரு புனிதர். பாட்டின் சொற்களில் ஒன்றுகூட ஒட்டவில்லை. மெட்டோ ஏடு முடியும் இடம் வரை சுரத்துக்குச் சுரம் அதுவேதான்; நடுநடுவே திக்கல்கள். ஏடு முடியும் இடத்தில் அது நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தின் தலையில் 'சரிபார்க்கப்படவில்லை' என்றும், 'பதிந்தவர்: குருவி' என்றும் இருந்தது.

எறும்பு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நாளைக்கு சார் அவசரமாக எழுந்து சன்னலைத் திறந்தார். அழுகிற பெண்ணுக்கு முன்னால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

"கிடைச்சாச்சே, அப்புறம் என்னம்மா?"

"தேங்க்ஸ் சார்."

"எனக்கு எதுக்கு? நான் பூஜ்யத்தைத் தூக்கிப் போட்டேன். அந்தக் குருவிக்குச் சொல்லு."

ஆனால் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கிடைத்த முடிவுப் பகுதியில் மூன்று இடங்களில் ஒரே சுரம் இரண்டு முறை வந்தது. அதில் எது வழிகாட்டியைத் தட்டியதால் வந்த திக்கல், எது நிஜமாகவே பாட்டில் உள்ளது? அந்தப் புத்தகத்தின் படம் தளத்தில் இல்லை. மூல ஏட்டைப் பார்த்தவர் ஒருவர்தான்.

எறும்பு குருவிக்கு எழுத உட்கார்ந்தாள். கை பழக்கத்தில் 'வரி முடிவில் உள்ள குறி சுரம் அல்ல' என்றே ஆரம்பித்தது. அழித்தாள். அந்த ஆள் எல்லாம் கற்றுத் தேறிய பிறகுதான் தட்டுவேன் என்று காத்திருந்தால், இந்த மெட்டு அந்த நூலகத்தின் அலமாரியிலேயே மூடிக் கிடந்திருக்கும். தெரியாமலே உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, தப்பும் சரியுமாக ஒரு புத்தகத்தையே தூக்கி வந்து பொதுவில் வைத்திருக்கிறார். அவள் முதலில் அண்ணனைப் பற்றி எழுதினாள். பிறகு நன்றி எழுதினாள். கேள்வியைக் கடைசியில் வைத்தாள். மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டு, அது தன் அண்ணனை அத்தையாக்கிவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அனுப்பினாள்.

அன்று வீட்டில் அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. அண்ணியிடம் மட்டும் சொன்னாள்.

"கிடைச்சுதுன்னு சொல்லு, குதிப்பாரு," என்றாள் அண்ணி.

"பாதி தப்போட இருக்கு அண்ணி. தப்போட அவன்கிட்ட குடுக்க எனக்கு மனசு வரலை."

அண்ணி தேய்த்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். "உனக்குத் தெரியுமா, தூக்கத்துலகூட அந்த இடம் வரைக்கும்தான் முனகுவாரு. அங்க வந்ததும் புரண்டு படுத்துடுவாரு. நானும் இத்தனை வருஷமா பக்கத்துல படுத்துக்கிட்டு, அடுத்தது என்ன, அடுத்தது என்னன்னு முழிச்சுக்கிட்டுக் கிடந்திருக்கேன்."

புதன்கிழமை முற்பகலில் குருவியின் பதில் வந்தது.

'அன்புள்ள எறும்புக்கு. நான் ரயில்வேயில் கைகாட்டி இயக்கி ஓய்வு பெற்றவன். ஆயுள் முழுக்கக் கைகாட்டி போட்டவன், கடைசிக் காலத்தில் கைகாட்டியையே ரயில் என்று நினைத்து எண்ணியிருக்கிறேன். என் மனைவி காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். இன்று நூலகம் திறந்ததும் போய்ப் பார்த்தேன். நீங்கள் கேட்ட மூன்று இடங்களில் முதல் இரண்டும் வரி முடிவுகள், எடுத்துவிடுங்கள். மூன்றாவது இடம் வரி முடிவில் இல்லை, ஒரு வரியின் நடுவில் இருக்கிறது. அது நிஜம். பாட்டின் கடைசிச் சுரம் அது. இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள். உங்கள் அண்ணன் அதை இரண்டு முறையே பாடட்டும். புத்தகம் முழுக்க நான் இதே தப்பைத்தான் செய்திருப்பேன். கண்ணில் புரை இருப்பதால் திருத்த நாளாகும். மன்னிக்கவும். என் தட்டச்சு ஒருவருக்குப் பயன்பட்டது என்று சொன்னதற்கு நன்றி. இதுவரை யாரும் சொன்னதில்லை.'

எறும்பு அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்து காப்பாளர் மேடத்திடம் போனாள். மேடம் கண்டிப்பானவர். வாசிப்பு அறைக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது, தண்ணீர் கூடாது, பேச்சு கூடவே கூடாது. இரண்டு வருஷம் வேலை செய்த பிறகும், ஏட்டைத் தொடும் முன் எறும்பின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்.

"மேடம், எங்க அண்ணன் இன்னைக்கு அந்த ஏட்டுக்கு முன்னாடி நின்னு ஒரு தடவை பாடட்டுமா? நாளைக்கு..."

"தெரியும். சாஃப்ட்வேர்காரர் ஊரெல்லாம் சொல்லிட்டாரு." மேடம் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். "பேசக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. பாடக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு? வரச் சொல்லு. கை கழுவிட்டு வரணும்."

வாசகர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, மேற்குச் சன்னல் வழியாக வெயில் நீளமாக உள்ளே விழுந்திருந்த நேரத்தில் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். நாளைக்கு சாரும் வந்து ஓரமாக நின்றுகொண்டார். மேடம் ஏட்டைப் பஞ்சுத் திண்டின் மேல் தானே எடுத்து வைத்தார். பக்கத்தில் எறும்பு, அன்று மதியம் அச்செடுத்த ஒற்றைத் தாளை வைத்தாள். முடிவுப் பகுதி. இரண்டு திக்கல்களை எடுத்துவிட்டு, சுத்தமாக.

அண்ணன் தாளைப் பார்த்தான். வாய்க்குள் ஓட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது ஏமாற்றம் போல்தான் எறும்புக்குத் தெரிந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்ணா."

"நான் இன்னும் மேல போகும், கூரையைத் தொடும்னு நினைச்சேன். இது அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துடுதே."

"பாடிப் பாருங்க," என்றாள் அண்ணி. "ஒரே தடவை. ரெண்டாவது தடவைன்னு கேட்டீங்க, நானே ஆபரேஷன் பண்ணிடுவேன்."

அவன் பாடினான். குரலில் லேசாக ஒரு கரகரப்பு இருந்தது. கம்பளியின் மேல் கையை ஓட்டுவது போல. ஏட்டின் வரிகளில் கண்ணை ஓட்டியபடி ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். கடைசி வரியின் ஓரத்தில் அந்தச் சின்ன வழிகாட்டி, இல்லாமல் போன அடுத்த ஏட்டைக் காட்டிக்கொண்டு நின்றது. இத்தனை காலமாக அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் நின்றிருக்கிறான். இப்போது மூச்சை இழுத்துக்கொண்டு, பார்வையைப் பக்கத்துத் தாளுக்கு மாற்றினான். அங்கே அவனுடைய புனிதருக்குச் சொற்கள் இல்லை; சொற்கள் அந்தச் செருப்போடு போய்விட்டன. வெறும் 'ஆ' என்று பாடினான். மெட்டு ஒரு படி ஏறி, தயங்கி, பிறகு மெதுவாக இறங்கியது. அவசரம் இல்லாமல், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று. கடைசிச் சுரத்துக்கு வந்து சேர்ந்தது. அதை மறுபடியும் ஒருமுறை தொட்டது. வந்து சேர்ந்தாயிற்றா என்று உறுதி செய்துகொள்வது போல.

யாரும் இருமவில்லை.

நாளைக்கு சார் சன்னலைத் திறக்கப் போனார். அது ஏற்கெனவே திறந்திருந்தது. மேடம் கையுறையைக் கழற்றாமலே கண்ணைத் துடைக்கப் போய், நினைவு வந்து முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் அண்ணியைத்தான் பார்த்தான். "இப்ப சரியா?"

"சரி," என்றாள் அண்ணி. "இனிமேலாவது நான் தூங்குவேன்." சொல்லிவிட்டு அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

எறும்பு ஏட்டின் பக்கம் திரும்பினாள். யார் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள். இறகுப் பேனாவைத் தொட்டுத் தொட்டு இதை முதலில் எழுதிய கை யாருடையது என்றே தெரியாது. இதை அறுத்தவனுக்குக்கூட ஒரு கும்பிடு போட வேண்டும் போலிருந்தது. உறையாகப் போடாமல் அடுப்பில் போட்டிருந்தால் இவ்வளவும் ஏது?

மறுநாள் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் நாற்காலிகள் ஒன்றோடொன்று திருகி இணைக்கப்பட்டிருந்தன. ஒருவர் அசைந்தால் வரிசையே அசைந்தது. அண்ணனை உள்ளே கொண்டுபோன பிறகு அண்ணி அசைந்துகொண்டே இருந்தாள். எறும்பு மடிக்கணினியைத் திறந்து குருவியின் புத்தகத்தை எடுத்தாள். முதல் சில பக்கங்களைப் படம் பிடித்து, வரி முடிவுகள் எங்கெங்கே என்று நடுங்குகிற கையெழுத்தில் படத்தின் மேல் குறித்து அனுப்பியிருந்தார் அவர். மிச்சத்தையும் தன் மனைவியை உட்கார வைத்துக் குறித்து அனுப்புவதாக எழுதியிருந்தார்.

"என்னடி பண்றே?"

"திக்கலை எல்லாம் எடுக்கப் போறேன் அண்ணி. முழுப் புத்தகமும்."

"எவ்வளவு இருக்கு?"

"நிறைய."

அண்ணி அசைவதை நிறுத்தினாள். எறும்பின் கைப்பேசியில் இருந்த அந்தப் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எனக்குச் சுரமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. வரி எங்க முடியுதுன்னு பார்த்துச் சொன்னா போதுமா?"

"போதும்."

"அப்ப எழுது. முதல் பக்கம், முதல் வரி. பன்னிரண்டாவது கட்டத்தோட முடியுது."

அப்படியே போனது. அண்ணி விரலை வைத்து எண்ணிச் சொல்ல, எறும்பு ஒவ்வொரு திக்கலாக அழித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர்கள் ஏதோ வங்கிக் கணக்கு பார்க்கிறார்கள் என்று நினைத்து மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். சில பக்கங்கள் தாண்டியதும் அண்ணிக்கே அந்தச் சின்ன வால் பிடிபட்டுவிட்டது. "இதோ பாரு, இங்க ஒரு திருடன்," என்று எண்ணாமலே காட்ட ஆரம்பித்தாள்.

மருத்துவர் வெளியே வந்தபோது இருவரும் ஒரே சமயத்தில் எழுந்ததில் நாற்காலி வரிசை முழுக்க ஆடியது.

கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, கெட்ட கட்டி இல்லை என்றார். குரல் நாண்களில் முடிந்தவரை கை வைக்கவில்லை. பேச்சு வரும். பாட்டைப் பற்றி இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன். சில வாரங்களுக்கு ஒரு சத்தமும் கூடாது. இருமலைக்கூட அடக்கப் பார்க்க வேண்டும்.

"ரொம்ப நன்றி டாக்டர்," என்றாள் அண்ணி. மறுபடியும் சொன்னாள். அவர் நடையின் கடைசித் திருப்பத்தில் மறைந்த பிறகும் ஒருமுறை சொன்னாள்.

உள்ளே போனபோது அண்ணன் விழித்துக்கொண்டிருந்தான். கழுத்தில் கட்டு இல்லை, ஒன்றுமில்லை, உள்ளேதான் எல்லாம். அவர்களைப் பார்த்ததும் வாயைத் திறக்கப் போனான். அண்ணி விரலை உயர்த்தியதும் மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு போர்வையின் மேல் கிடந்த வலது கை மெல்ல எழுந்து, காற்றில் கொஞ்சம் ஏறி, தயங்கி, படிப்படியாக இறங்க ஆரம்பித்தது. பாட்டில் எங்கே இருக்கிறான் என்று எறும்புக்குத் தெரிந்தது. ஆச்சரியமாக, அண்ணிக்கும் தெரிந்தது. அவள் உதடு அவன் விரலோடு சேர்ந்து அசைந்தது. கை போர்வையின் மேல் வந்து இறங்கி, அதே இடத்தில் இன்னொரு முறை தட்டியது.

"தொண்டையை மட்டும் கட்டிப் போட்டா போதாது போலிருக்கு. கையையும் கட்டணும்," என்றாள் அண்ணி.

அவன் சத்தமில்லாமல் சிரித்தான். சிரிக்கவும் கூடாது என்று அவள் சொன்னதும் இன்னும் சிரித்தான். எறும்பு கட்டிலின் ஓரத்தில் இடம் பண்ணிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள். குருவியின் மனைவி அடுத்த சில பக்கங்களை அனுப்பியிருந்தாள்.